பார்த்தாச்சு என்ற ஒரு வரி

“...அதெப்டிக்கா, பாக்காமலே பாத்தாச்சுன்னு நான் அழுத்துறது? நாளைப் பின்ன அவரு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

ஒட்டன்சத்திரத்தில் பாதி எழும்பி நின்ற ஒரு காய்கறி மண்டிக் கட்டடத்துக்குள் நின்றுகொண்டு அவள் இதைக் கேட்டாள். தலைக்கு மேல் கான்கிரீட் தளம் போடுவதற்காக அடித்த பலகை. சுற்றிலும் அதற்கு முட்டுக் கொடுத்த இரும்புக் கால்கள். அவள் கையில் அவளுடைய கணவனின் செல்போன் இருந்தது. கணவன் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கொத்தனார், சித்தாள் பெண்கள், புதிதாக வந்த எஞ்சினியர், நான் என்று அத்தனை பேர் நின்றோம். 

இன்று அந்தத் தளத்துக்குக் கீழே முருங்கைக்காய்க் கட்டுகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள். கேரளா லாரிகள் பின்பக்கமாக வந்து வாசலில் முட்டி நிற்கின்றன. ஆனால் அந்தக் காலை வேளையில், அவள் விரல் அசையாமல் அங்கே ஒரு சட்டி கலவை மேலே ஏறியிருக்காது. அது எப்படி அப்படி ஆனது என்பதைச் சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் நான் வேலை பார்க்கிறேன். பில் டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். படிப்பு அம்புட்டுத்தான். பிறகு முதலாளி கம்ப்யூட்டரில் பிளான் போடும் மென்பொருள் ஒன்றை வாங்கி வைத்தார். யாரும் தொடாமல் அது கிடந்தது. நான் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். கட்டடத்தின் ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு வரி. ஒரு வரி முடிந்தால்தான் அடுத்த வரி தொடங்கலாம் என்று கோடு இழுத்து முடிச்சுப் போட வேண்டும். முன்னால் உள்ளது ஒரு நாள் தள்ளினால் பின்னால் உள்ளதெல்லாம் தானே ஒரு நாள் தள்ளும். இதை ஒரு நாள் எங்கள் கொத்தனாருக்கு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர், “அப்ப, எலை போடாம சாம்பார் வாளியத் தூக்கிட்டு வரக் கூடாதுங்குறீக. இதச் சொல்ல ஒரு பொட்டியா தாயி?” என்றார். அதைவிட நல்ல விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் அந்தச் சாம்பார் வாளியைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

எங்கள் சைட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். வடமதுரைப் பக்கம் பூ விவசாயக் குடும்பம். என்னை அக்கா என்பான், நான் தம்பி என்பேன். அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. தளம் போடும் அன்று, கம்பி கட்டி முடித்து, கலவை மிஷின் ஓடத் தொடங்கும் முன், அவன் மட்டும் தளத்துக்குக் கீழே போவான். பைக் சாவியால் ஒவ்வொரு இரும்புக் காலிலும் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்பான். இறுக்கமாக நிற்கிற கால் ஒரு சத்தம் கொடுக்கும், லேசாக ஆடுகிற கால் வேறு சத்தம் கொடுக்கும் என்பான். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். சுற்றி முடித்து வெளியே வந்து, “பாத்தாச்சு” என்று ஒரு குரல் கொடுப்பான். அந்தக் குரலுக்குப் பிறகுதான் மிஷின்காரர் சாவியைத் திருப்புவார். எஞ்சினியர் கையெழுத்துப் போட்ட தாள் ஒரு பக்கம் இருக்கும். ஆனால் ஆட்கள் காத்து நிற்பது அந்தக் குரலுக்குத்தான்.

மண்டிக் கட்டடத்துக்கு நான் பிளான் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

“எல்லாத்துக்கும் ஒரு வரி குடுத்திருக்கீக. எனக்கு ஒண்ணும் இல்லையாக்கா?”

“நீதான் எல்லா வரியிலயும் இருக்கியே.”

“அப்டிச் சொல்லி ஏமாத்தாதீக. கம்பிக்குப் பின்னாடி, கலவைக்கு முன்னாடி ஒண்ணு போடுங்க. ‘பார்த்தாச்சு’ன்னு போடுங்க.”

போட்டேன். அவன் பெயரை அதற்கு நேரே வைத்தேன். பெயருக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் அவன் முகம். எதையோ பார்த்துச் சிரிக்கிற முகம். தளம் போடும் வரியை அதற்குப் பின்னால் கட்டினேன்.

தூண் எழும்பிக்கொண்டிருந்த சமயம் ஒரு சாயங்காலம், “நாளைக்குப் பாப்போம்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தானாம். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த பிறகு, பிளானில் அவன் பெயரை என்ன செய்வது என்று முதலாளியிடம் கேட்டேன்.  வருசம் திரும்பட்டும், அதற்குள் பெயரை எடுப்பது நன்றாக இருக்காது என்றார். எங்கள் பக்கம் இறப்பு விழுந்த வீட்டில் வருசம் திரும்பும் வரை நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டார்கள். வீட்டுக்கு உள்ள அந்த வழக்கத்தை நாங்கள் கம்ப்யூட்டருக்கும் வைத்துவிட்டோம். அவன் மற்ற வேலைகளைப் புது எஞ்சினியர் பெயருக்கு மாற்றினேன். ‘பார்த்தாச்சு’ வரியை மட்டும் அப்படியே விட்டேன். அது அவனே கேட்டு வாங்கிய வரி. தளம் போட இன்னும் காலம் இருக்கிறது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காலமும் வந்தது. தளம் போடும் தேதிக்கு முந்தின சாயங்காலம் மிஷின்காரருக்கும் ஆட்களுக்கும் பிளானிலிருந்தே செய்தி போகும்படி வைத்திருந்தோம். செய்தி போகவில்லை. பார்த்தால் தேதி மறுநாளைக்கு நகர்ந்திருந்தது. நான்தான் ஏதோ தவறாகத் தட்டியிருக்கிறேன் என்று திருத்தி வைத்தேன். மறுநாள் மறுபடி நகர்ந்திருந்தது. கேட்டவர்களிடம் மழை என்றேன், மணல் என்றேன், நெட் சரியில்லை என்றேன். மண்டிக்காரர் பழனிப் பக்கத்து ஆள், கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் காட்டுவார். “ஏனுங்க அம்மிணி, நம்ம தளம் இன்னும் முகூர்த்தம் பாத்துட்டு இருக்குதுங்களா?” என்று போனில் கேட்டார். வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்ளட்டுமா என்று அடுத்த நாள் கேட்டார். அதில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

எங்கள் அலுவலகத்துக்கு அப்போது ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் வந்திருந்தது. முதலாளியின் மருமகன் போட்டுக் கொடுத்தது. தமிழில் கேள்வியைத் தட்டினால் அது பிளானுக்குள் தானே போய்த் தேடி, தமிழிலேயே பதில் சொல்லும். சொன்னால் மாற்றியும் வைக்கும். கொத்தனார் அதற்கு வைத்த பெயர் புது மாப்பிள்ளை. கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்காததற்கு வாயைத் திறக்காது என்பதால். ஒரு காலையில் வேறு வழி தெரியாமல் அந்த மாப்பிள்ளையிடம் கேட்டேன். ஒட்டன்சத்திரத்தில் தளம் போட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் எதெது முடிய வேண்டும், வரிசையாகச் சொல்.

பதில் உடனே வந்தது. பலகை அடிப்பது, முடிந்தது. கம்பி கட்டுவது, முடிந்தது. கரன்ட் குழாய் பதிப்பது, முடிந்தது. ‘பார்த்தாச்சு’, முடியவில்லை. அதற்குக் கீழே ஒரு வரி: “இந்த வேலைக்கு உரியவர் இன்று காலை இதை நாளைக்குத் தள்ளி வைத்திருக்கிறார். தளம் போடும் வேலை அவருக்காகக் காத்திருக்கிறது.”

உரியவர் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது.

அந்தப் பதிலில் நடுக்கம் இல்லை, தயக்கம் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொல்லியிருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. ஒரு மனுசன் சொல்லியிருந்தால் குரலில் கொஞ்சம் பயம் இருந்திருக்கும், நானும் அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். நேற்றும் தள்ளி வைத்தாரா என்று தட்டினேன். ஆமாம், அவர்தான் என்றது. முந்தாநாள்? ஆமாம். நான் அவனை ஒரு நாளும் அவர் என்று சொன்னதில்லை. அன்றைக்குத்தான் அவன் எனக்கே அவர் ஆகிவிட்டதுபோல இருந்தது.

மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே போய் அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூட்டிப் பெருக்கும் அம்மா எனக்குப் பின்னால் விளக்குமாற்றோடு நின்றார். வெளியே பால் வண்டிச் சத்தம். அவன் உட்காரும் நாற்காலியில் யாரோ தலைக்கவசத்தை வைத்திருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது, திரையில் அவன் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. ஆள் இப்போது பிளானுக்குள் இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம்.  கொஞ்ச நேரத்தில் தேதி தானாக ஒரு நாள் தள்ளியது. அதற்குப் பின்னால் நான் கட்டியிருந்த அத்தனை வரிகளும், தளம், சுவர், பூச்சு, ஷட்டர் என்று, வரிசையில் நிற்கிற பிள்ளைகள் ஒரு அடி நகர்வதுபோல நகர்ந்தன. பச்சைப் புள்ளி அணைந்தது.

“வந்துட்டுப் போறாருல்ல?” என்றார் பின்னால் நின்ற அம்மா, மெதுவாக. அதற்குப் பிறகு அவர் அந்த நாற்காலியைச் சுற்றிப் பெருக்குவதை விட்டுவிட்டார். அது ஒரு தீவு மாதிரித் தூசியோடு கிடந்தது.

பத்து மணிக்குள் விஷயம் ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்ந்துவிட்டது. கொத்தனார் கூப்பிட்டார். முதலில் வேடிக்கையாகத்தான் தொடங்கினார். இறந்தவர் தினம் வேலைக்கு வருகிறார், நீங்கள் உயிரோடு இருந்துகொண்டு லீவு போடுகிறீர்கள் என்று ஆட்களை ஏசியிருக்கிறாராம். பிறகு குரல் இறங்கியது.

“அவரு இன்னும் பாக்கலன்னு சொல்லுதாமே தாயி. அவரு பாக்காத தளத்துல நான் சட்டியத் தூக்க மாட்டேன். என்னயத் தப்பா நெனைக்காதீக.”

புது எஞ்சினியர் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர்மேல் யாருக்கும் குறை இல்லை. ஆனால் கொத்தனார் மறுத்த பிறகு மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, வருசமாவது ஒன்றாவது, அந்த வரியை எடுத்துவிடு என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

ஏஜென்டிடம் சொன்னேன். அது எடுக்கவில்லை, முதலில் கேட்டது: “இந்த வரியை நீக்கினால் தளம் போடும் வேலையை உடனே தொடங்கலாம். ஆனால் இதற்கு உரியவர் தினமும் இதைக் கவனித்து வருகிறார். அவரிடம் கேட்டுவிட்டீர்களா? நீக்கவா?”

அவரிடம் கேட்டுவிட்டீர்களா. இதற்கு ஆமாம் என்று தட்டவும் முடியவில்லை, இல்லை என்று தட்டவும் முடியவில்லை. வேறு ஒன்றைக் கேட்டேன். அவர் எங்கிருந்து தள்ளி வைக்கிறார்? செல்போனிலிருந்து என்றது.

அதுவரை எனக்கு ஏன் தோன்றவில்லையோ. என் போனில் அவன் நம்பர் அப்படியேதான் இருந்தது. யார்தான் அழிப்பார்கள்? அழுத்தினேன். மணி போனது. எடுக்கப்படும் வரைக்கும் நான் யார் குரலை எதிர்பார்த்தேன் என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

“சொல்லுங்கக்கா” என்றது அவன் மனைவியின் குரல்.

அன்று மதியமே வடமதுரைக்குப் பஸ் ஏறினேன். பூ பறித்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். போன் இடுப்பில் செருகியிருந்தது. பேங்க், கேஸ் எல்லாமே அந்த நம்பருக்குத்தான் வரும், அதனால் அணைக்கவே இல்லை என்றாள். கொஞ்ச நாளாகத் தினம் காலையில், பூ பறித்துக்கொண்டிருக்கும்போது, அது அதிர்ந்து ஒரு மணி அடிக்கிறது. திறந்தால் அவன் முகம். அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று உங்கள் வேலை ‘பார்த்தாச்சு’, முடிந்ததா என்று கேட்கிறது. கீழே அழுத்த இரண்டு கட்டம். ஒன்றில் ‘முடிந்தது’, இன்னொன்றில் ‘நாளைக்கு’.

“முடிஞ்சுதுன்னு போட்டா பொய். சும்மா விட்டா திரும்பத் திரும்ப அடிக்குது. அதான் நாளைக்குன்னு அழுத்திட்டு வந்தேன்.” கையைச் சேலையில் துடைத்தாள். “தெனமும் அவரப் பேரு சொல்லிக் கேக்குதுக்கா அது. வேற யாரு இப்ப அவரக் கேக்குறா?”

நான் விஷயத்தைச் சொன்னேன். அவளுடைய ஒரு அழுத்தலில் ஒரு கட்டடமே நாள் நாளாக நகர்ந்துகொண்டிருப்பதைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியவே தெரியாது. வெறும் மணியை நிறுத்துவதாகத்தான் நினைத்திருந்தாள். “இம்புட்டுமா என் வெரல்ல நின்னுச்சு?” என்று விரலைப் பார்த்தாள். ‘முடிந்தது’ என்று அழுத்திவிட்டால் நாளை முதல் மணி அடிக்காது என்பதும் இருவருக்கும் தெரிந்தது.  நீ ஒன்றும் செய்ய வேண்டாம், அலுவலகத்திலிருந்தே அந்த வரியை எடுத்துவிடுகிறேன், நீ சரியென்று சொன்னால் போதும் என்றேன். அவள் உள்ளே இருந்த கேஸ் சிலிண்டரையும் கட்டிலையும் காட்டிப் பேசினாள். அவன் வீட்டிலும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டானாம். சிலிண்டரில் எவ்வளவு கேஸ் மிச்சம், கட்டில் கால் ஆடுகிறதா, கதவு நிலை உளுத்துவிட்டதா என்று எல்லாவற்றையும் பைக் சாவியால் தட்டித் தட்டிப் பார்ப்பானாம். அவளையும் காதை வைத்துக் கேட்கச் சொல்வானாம். தூங்குகிற பிள்ளை எழுந்துவிடும் என்று இவள் ஏசுவாளாம்.

“எடுக்க வேணாம்க்கா. நாளைக்கு நானே அங்க வாரேன்” என்றாள்.

காலையில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். பழனி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். மடியில் மஞ்சள் பை. பாதி வழியில் பைக்குள் மணி அடித்தது. எடுத்தாள். வட்டத்துக்குள் அவன் சிரித்தான். அவள் எந்தக் கட்டத்தையும் அழுத்தவில்லை. திரையை மேல்பக்கமாக வைத்து மடியிலேயே வைத்திருந்தாள். அடங்கியது, மறுபடி அடித்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, எடுத்துப் பேசுமா, யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காக என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

சைட்டில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆள் இல்லாமல் நின்ற மிஷினைச் சுற்றிச் சல்லி குவிந்து கிடந்தது. எஞ்சினியர் நல்ல பிள்ளை. அவளைத் தளத்துக்குக் கீழே அழைத்துப்போய், தான் எதையெல்லாம் பார்த்தோம் என்று பொறுமையாகக் காட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறது, அந்த ‘முடிந்தது’ கட்டத்தை மட்டும் அழுத்திவிடுங்கள், அப்புறம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அந்த நேரம் பார்த்துப் போன் மறுபடி அடித்தது. அந்த இரும்புக் கால்களுக்கு நடுவே அந்தச் சத்தம் வேறு மாதிரிக் கேட்டது. தளம் போடும் நாளில் அவன் நின்று தட்டுகிற இடத்திலிருந்து வருவதுபோல. ஒரு சித்தாள் பெண் பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பி அதைக் கேட்டாள். பார்க்காமலே பார்த்தாச்சு என்று நான் எப்படி அழுத்துவது, நாளைப் பின்னே அவர் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று.

 பிறகு அடித்துக்கொண்டிருந்த போனை என் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். மஞ்சள் பைக்குள் கையை விட்டு பைக் சாவியை எடுத்தாள். மூலையில் இருந்த முதல் காலுக்குப் போய், தலையைச் சாய்த்து, காதை அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு தட்டுத் தட்டினாள். கேட்டாள். அடுத்த காலுக்குப் போனாள்.